ஹைஜீன்: துப்புரவா, சுகாதாரமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் ஊரில் அண்மையில் திறக்கப்பட்ட சாப்பாட்டுக் கடையொன்றின் பெயர்ப்பலகையில் ‘ஹைஜீனிக் உணவகம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த என் மகள், ஹைஜீன் என்றால் துப்புரவுதானே, ‘கிளீன்’ என்ற சொல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டாள். அவள் தரம் 8இல் படிக்கிறாள். அவளுடைய பாடப்புத்தகத்தில் வரும் சுகாதாரம் என்ற சொல்லும் இதுவும் ஒன்றா? இந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பை விளக்குவீர்களா?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் மகள் மிகப் பொருத்தமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். கிளீன், ஹைஜீன் ஆகிய இரண்டும் இன்று ஒரே பலகையில் அருகருகே எழுதப்பட்டாலும் அவை பிறந்த இடமும் வளர்ந்த வழியும் வேறு வேறானவை. கிளீன் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலக் காலம் முதல் வழங்கி வருவது. அதனோடு உடன்பிறந்த ஜேர்மன் சொல்லான ‘கிளைன்’ இன்று ‘சிறிய’ என்ற பொருளைத் தருவது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒளிர்வது, தெளிவானது என்பதே இரண்டுக்கும் பொதுவான பழைய பொருள். ஆங்கிலத்தில் அது அழுக்கற்றது என்றாயிற்று. ஜேர்மனிலோ நேர்த்தியானது, நுண்ணியது என்று நகர்ந்து கடைசியில் சிறியது என்பதில் நிலைத்துவிட்டது. ஆகவே கிளீன் என்ற சொல் ஆதிமுதலே கண்ணுக்குப் புலப்படும் ஒரு தன்மையைச் சொல்வது.

ஹைஜீன் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. நலமுடைய, நோயற்ற என்ற பொருளைத் தரும் ‘ஹூகியேஸ்’ என்ற சொல்லிலிருந்து, நலம் காக்கும் கலை என்ற பொருளில் ‘ஹூகியெய்னே டெக்னே’ என்ற தொடர் கிரேக்கத்தில் உருவானது. காலப்போக்கில் அத்தொடரின் முதற்சொல் மட்டும் தனித்துப் பிரிந்து, இலத்தீனில் எழுதப்பட்ட மருத்துவ நூல்களுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்தில் குடியேறியது. மூலத் தொடரில் அழுக்கைப் பற்றியோ கழுவுதலைப் பற்றியோ ஒரு சொல்லும் கிடையாது. உடம்பு சுகமாயிருப்பது ஒன்றே அதன் பொருள்.

வேரை இன்னும் ஆழமாகத் தோண்டினால் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி கிடைக்கிறது. ஹூகியேஸ் என்பது இரண்டு பகுதிகள் சேர்ந்த சொல் என்றும், அதன் பிற்பகுதி வாழ்தலைக் குறிக்கும் வேர் என்றும் மொழியறிஞர் கருதுகின்றனர். வடமொழியில் ‘ஜீவ’ என்று வழங்குவதும் அதே வேர்தான். முற்பகுதியைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. நல்ல என்ற பொருள்தரும் வடமொழிச் ‘சு’ என்ற முன்னொட்டுடன் அதை ஒரு சாரார் இணைக்கின்றனர். மறுசாரார் நாம் ஆயுள் என்று சொல்லும்போது வருகிற ‘ஆயு’வுடன் இணைக்கின்றனர். எதை ஏற்றாலும் நன்றாக வாழ்தல் அல்லது உயிர்ப்போடு நீடு வாழ்தல் என்பதே அடிப்பொருளாகிறது.

கிரேக்கர் நலத்தைத் தெய்வமாகவே வணங்கினார்கள். மருத்துவத் தெய்வமான அஸ்கிலீப்பியஸின் மகள்களில் ஒருத்தி ஹைஜியா, இன்னொருத்தி பனாசியா. எந்த நோயையும் தீர்க்கும் மருந்தை ஆங்கிலத்தில் பனாசியா என்பது அந்தச் சகோதரியின் பெயரால்தான். ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவர் உறுதிமொழி அப்பொல்லோ, அஸ்கிலீப்பியஸ், ஹைஜியா, பனாசியா ஆகியோரைச் சாட்சிக்கு அழைத்துத் தொடங்குகிறது. வந்த நோயைத் தீர்ப்பது பனாசியாவின் பொறுப்பு. நோய் அண்டாமல் காப்பது ஹைஜியாவின் பொறுப்பு. பல நாடுகளில் மருந்தாளர்கள் தமது தொழிற்சின்னமாகக் கொண்டுள்ள, பாம்பு சுற்றிய கிண்ணம் ஹைஜியாவின் கையில் இருப்பதாகச் சிற்பிகள் வடித்த அதே கிண்ணம்தான்.

கி.பி. 129இல் பெர்கமன் நகரில் பிறந்த கேலன் என்ற மருத்துவர் இந்தக் கலையைப் பற்றி ஆறு பாகங்களில் விரிவான நூல் எழுதினார். உடற்பயிற்சி, உடம்பு பிடித்துவிடுதல், உணவு, உறக்கம், நீராட்டம், முதுமையில் உடலைப் பேணுதல் ஆகியவை அதன் பொருள். நீராட்டம் அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகள் படிக்கும் பாடத்தின் பெயர் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’. பழைய பொருளின்படி பார்த்தால் ஹைஜீன் என்ற ஒரே சொல் அவ்விரண்டையும் தன்னுள் அடக்கியிருந்தது.

அப்படியானால் துப்புரவு என்ற பொருள் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது? அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளைவு. வியன்னாவின் பெரிய வைத்தியசாலையில் பிரசவித்த தாய்மார் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். இறந்த உடலை அறுத்துப் பரிசோதித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களே அந்த நஞ்சைக் கொண்டுவருகிறார்கள் என்று அங்கே பணிபுரிந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்து, 1847 மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தார். அவருடைய பிரிவில் அவ்வருடம் ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. மாரி வெள்ளம் வடிந்ததும் நமது கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து, வாளியில் கரைத்துக் கிணற்றில் ஊற்றுகின்ற குளோரின் தூள் இருக்கிறதே, அதன் காரமான வாசனைக்குச் சொந்தமான பொருளும் அதே வகைதான்.

1865இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் ஹைஜீன் துறையின் பேராசிரியரானார். காற்றோட்டம், உடை, குடியிருப்பு, நிலத்தடி நீர் எல்லாவற்றையும் அவர் அத்துறைக்குள் ஆராய்ந்தார். ஆனால் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிருமிகளே தொற்றுநோய்க்குக் காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது. வாந்திபேதிக் கிருமியை இனங்கண்ட ரொபர்ட் கொக், 1885இல் பெர்லினில் ஹைஜீன் பேராசிரியராக அமர்ந்தார். நோய் அண்டாமல் காப்பதென்றால் முதலில் கிருமியை அகற்றுவது, கிருமியை அகற்றுவதென்றால் கழுவுவது என்று பொருள் படிப்படியாகக் குறுகி, பொதுமக்கள் வாயில் ஹைஜீன் துப்புரவாகிவிட்டது.

நமது சுகாதாரம் என்ற சொல்லும் இதே வழியில் நடந்திருக்கிறது. சுகத்துக்கு ஆதாரமானது சுகாதாரம். ‘சுகமா இருக்கிறீங்களா’ என்று ஒருவரையொருவர் விசாரிக்கும்போது நாம் சொல்லும் அதே சுகம்தான் அதன் முதற்பகுதி. சுகாதார அமைச்சு என்னும்போது அதன் முழுப்பொருள் நிற்கிறது. ‘அந்தக் கடைச் சாப்பாடு சுகாதாரமில்லை’ என்னும்போது பொருள் துப்புரவை நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. ஆகவே ஹைஜீன் என்பதற்குச் சுகாதாரம் மிகப் பொருத்தமான தமிழ். கிளீன் என்பதற்கு நமது பேச்சிலுள்ள துப்புரவு என்ற அழகான சொல் போதும். இரண்டையும் கலக்காமல் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் வேறுபாடு வெறும் சொல்லில் இல்லை. பளிங்குபோல் மின்னும் தரை ஓட்டின்மேல் நின்று, பிளாஸ்டிக் கையுறை அணிந்த ஊழியர் ஒருவர் அதே கையுறையோடு காசை வாங்கி லாச்சிக்குள் போட்டு, மிச்சக் காசை எண்ணிக் கொடுத்து, திரும்பி இடியப்பத்தை எடுத்துத் தட்டில் வைக்கிறார் என்றால், அந்தக் கடை துப்புரவானது. சுகாதாரமானது என்று சொல்ல முடியாது.

கேள்வி: கட்டடப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ‘சானிட்டரி வெயார்’ என்று பலகை போட்டிருக்கிறேன். சானிட்டரிக்கும் ஹைஜீனுக்கும் என்ன வேறுபாடு?
– வியாபாரி, வாழைச்சேனை

பதில்: ஹைஜீன் கிரேக்கத்துக்குச் சொந்தம் என்றால் சானிட்டரி இலத்தீனுக்குச் சொந்தம். ‘சானுஸ்’ என்றால் இலத்தீனில் நலமுடைய என்று பொருள். மனம் நலமாயிருப்பதைக் குறிக்கும் ‘சானிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்தது. பிரித்தானியத் தொழிலாளர்களின் வாழ்நிலை பற்றி எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் சானிட்டரி என்ற சொல் இடம்பெற்றது. வடிகால், குடிநீர், குப்பை, கழிவு ஆகியவற்றைச் சீராக்கினால் சாவு குறையும் என்பது அந்த அறிக்கையின் வாதம். அன்று முதல் அச்சொல் ஊரும் அரசும் செய்ய வேண்டிய கட்டுமான வேலைகளுடன் இறுகப் பிணைந்துவிட்டது. உங்கள் கடையில் விற்கும் மலசலகூடக் கோப்பை சானிட்டேஷனுக்கு உரியது. அதைப் பாவித்த பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது ஹைஜீனுக்கு உரியது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலான நமது மணற் பகுதியில், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் நிற்க, சிறு வளவுக்குள்ளேயே கிணறும் மலக்குழியும் அமைகின்றன. அங்கே வீட்டார் எவ்வளவு கவனமாகக் கை கழுவினாலும் குழியின் இடம் பிழைத்தால் கிணறு கெடும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கேள்வி: தொழுகைக்கு முன் நாங்கள் கை, முகம், கால் கழுவி வுழுச் செய்கிறோம். எங்கள் அயலிலுள்ள இந்துச் சகோதரர்கள் துடக்குக் (தீட்டுக்) கழிக்கிறார்கள். முன்னோர் இவற்றை ஹைஜீனுக்காகத்தான் ஏற்படுத்தினார்கள் என்று சிலர் மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அந்தப் பேச்சு நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது, ஆயினும் இரண்டு வேறு பொருள்களை அது ஒன்றாக்கிவிடுகிறது. நீர் கிடைக்காதபோது வுழுவுக்குப் பதிலாகத் தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்ய மார்க்கம் அனுமதிப்பது உங்களுக்குத் தெரியும். கிருமியை அகற்றுவதே நோக்கமாயிருந்தால் அந்த இடத்தில் மண்ணுக்கு இடமிருக்காது. இறைவன் முன் நிற்பதற்கான ஆயத்தம் என்பதே அதன் பொருள். அதுபோலவே, மரணம் நிகழ்ந்த வீடு எவ்வளவு கூட்டிக் கழுவப்பட்டிருந்தாலும் உரிய நாளில் சடங்கு முடியும்வரை துடக்கு வீடாகவே கருதப்படுகிறது. இவை புனிதம் பற்றிய ஒழுங்குகள். இவற்றைக் காப்பாற்ற விஞ்ஞானத்தின் சான்றிதழ் தேவையில்லை. அவை தம் பொருளாலேயே நிற்கின்றன. நாளுக்கு ஐந்து வேளை கையும் வாயும் முகமும் காலும் கழுவுவதால் உடலுக்கு நன்மை உண்டாகிறது என்பது உண்மைதான். அது கூடவே கிடைக்கும் பயன்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் அதன் பாரம் நமது பெண்பிள்ளைகளின் தலையில் விழுகிறது. மாதவிடாய்க் காலத்தை எங்கள் பக்கத்தில் துடக்கு என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் சிறுமி, தன் உடம்பே அழுக்கானது, நோய் தருவது என்று எண்ணிக்கொள்கிறாள். சுகாதாரம் அப்படிச் சொல்லவில்லை. மாதவிடாய்ச் சுகாதாரம் என்று மருத்துவம் குறிப்பதெல்லாம் அவளுக்குத் துப்புரவான துணியோ பஞ்சுப் பட்டையோ, தண்ணீரும் சவர்க்காரமும், கதவு பூட்டக்கூடிய மலசலகூடமும், பாவித்ததை அகற்ற ஓர் இடமும் கிடைக்க வேண்டும் என்பதே. 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின்னர் நமது கரையோர முகாம்களுக்கு ‘ஹைஜீன் கிட்’ என்ற பெயரில் வந்த பொதிகளை நினைத்துப் பாருங்கள். சவர்க்காரம், பற்பசை, துவாய் ஆகியவற்றோடு பெண்களுக்கான பட்டைகளும் அவற்றில் வைக்கப்படுவது வழக்கம். ஹைஜீன் என்ற சொல் நம்மில் பலரது வீட்டுக்குள் நுழைந்ததே அந்தப் பொதிகளோடுதான்.

கேள்வி: பிள்ளைகளை அளவுக்கு மீறித் துப்புரவாக வளர்த்தால் ஒவ்வாமை வரும், மண்ணில் புரள விடவேண்டும் என்கிறார்களே, இதற்கும் ஹைஜீன் என்று ஒரு பெயர் இருக்கிறதாமே?
– தாய் ஒருவர், திருக்கோவில்

பதில்: ஹைஜீன் கருதுகோள் என்று அதைச் சொல்வார்கள். 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், மூத்த சகோதரர்கள் பலருள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவாக இருப்பதைக் கவனித்து, சிறுவயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் தொற்றுகள் பிற்காலத்தில் காப்பாக அமையலாம் என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர் பலர் இந்தப் பெயர் பொருத்தமற்றது என்றார்கள். அவர்கள் முக்கியமாகக் கருதுவது மண்ணிலும் விலங்குகளிடத்தும் மனித உடலிலும் வாழும் தீங்கற்ற நுண்ணுயிர்களோடு பிள்ளைக்கு ஏற்படும் பழக்கத்தை. ஆகவே பிள்ளை முற்றத்தில் விளையாடட்டும், ஆடு மாட்டைத் தொடட்டும். ஆனால் சாப்பிடுமுன்னும் மலசலகூடம் போய்வந்த பின்னும் கை கழுவுவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வயிற்றோட்டத்தை விரும்பி வரவழைக்கச் சொன்ன விஞ்ஞானி எவரும் இல்லை.

கேள்வி: முகாமைத்துவப் பாடத்தில் ‘ஹைஜீன் காரணிகள்’ என்று படிக்கிறோம். சம்பளத்துக்கும் சுகாதாரத்துக்கும் என்ன தொடர்பு?
– மாணவர், வந்தாறுமூலை

பதில்: 1959இல் பிரெட்ரிக் ஹேர்ஸ்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பெயரை வைத்தபோது மருத்துவப் பொருளை நன்கு உணர்ந்தே வைத்தார். துப்புரவான குடிநீர் நோயாளியைக் குணமாக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் நோய் வரும். அதேபோல் சம்பளம், வேலையிடத்து வசதி, மேலதிகாரியின் நடத்தை ஆகியவை சரியாக இருந்தால் மட்டும் ஊழியருக்கு வேலையில் ஆர்வம் பிறந்துவிடாது. அவை கெட்டால் அதிருப்தி நிச்சயம். ஹைஜியாவுக்கும் பனாசியாவுக்கும் கிரேக்கர் பிரித்துக் கொடுத்த பொறுப்புகளை இங்கே மறுபடி காண்கிறீர்கள்.

இச்சொல்லின் பழைய விரிந்த பொருள் வேறிடங்களிலும் உயிரோடு இருக்கிறது. 1909இல் அமெரிக்காவில் கிளிபர்ட் பியர்ஸ் தொடங்கிய மனநல இயக்கம் ‘மென்டல் ஹைஜீன்’ என்ற பெயரையே சூடியது. நேரத்துக்கு உறங்கும் ஒழுங்கை ‘ஸ்லீப் ஹைஜீன்’ என்கிறார்கள். கேலனின் பட்டியலில் உறக்கமும் இருந்ததை மேலே பார்த்தோம். ஆனால் மிகக் கொடிய ஒரு பாவனையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1895இல் அல்பிரட் பிளொய்ட்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர் ‘இனச் சுகாதாரம்’ என்ற தொடரை உருவாக்கினார். 1933இல் நாஸி அரசு அந்தக் கொள்கையைச் சட்டமாக்கி, பரம்பரை நோயுள்ளவர்கள் என்று தான் முடிவு செய்தவர்களைப் பலவந்தமாக மலடாக்கியது. மனிதரைக் கிருமியாகப் பார்த்த அந்தப் பார்வை எங்கே போய் முடிந்தது என்பது உலகம் அறிந்தது. ஒரு சமூகத்தை, ஒரு மக்கள் கூட்டத்தை ‘துப்புரவாக்குவது’ என்று எவராவது எந்த மொழியில் பேசினாலும் அஞ்ச வேண்டும் என்பதை, பல இனத்தவர் சேர்ந்து வாழும் நமது மாகாணத்து மாணவருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: காற்றின் ஈரப்பதனை அளக்கும் ‘ஹைக்ரோமீற்றர்’ என்ற கருவிக்கும் ஹைஜீனுக்கும் உறவு உண்டா?
– மாணவி, கல்லடி

பதில்: உறவில்லை. ஹைக்ரோமீற்றரின் முதற்பகுதி, ஈரமான என்ற பொருள்தரும் ‘ஹூக்ரொஸ்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல். இரு சொற்களும் கிரேக்கத்தில் ஒரே உயிரெழுத்தில் தொடங்கி, அடுத்து ஒரே மெய்யெழுத்தைக் கொண்டிருப்பதால் ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டின் முதல் மூன்று எழுத்துகளும் ஒன்றாக அமைகின்றன. அதனால்தான் இந்த மயக்கம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருளை ‘ஹைக்ரோஸ்கோப்பிக்’ என்பதும் ஹூக்ரொஸ் வழி வந்ததே. மாரி காலத்தில் குசினியிலுள்ள கல்லுப்பு கசிவதற்குக் காரணம், அதில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இவ்வாறு ஈரத்தை உறிஞ்சுவதாகும்.